மெஷின் வாங்கும் முன்: பழைய பருத்திச் சேலையில் கைத்தையல் பழக ஆறு வேலைகள்

தையல் பழக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, எந்த மெஷின் வாங்கலாம் என்றுதான். இப்போதைக்கு எதுவும் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். பீரோவின் அடித்தட்டில் யாரும் கட்டாத பருத்திச் சேலை ஒன்று கிடக்கும். ஓரம் நைந்த வேட்டி ஒன்று இருக்கும். அவற்றை எடுத்து வெளியே வையுங்கள். கூடவே ஒரு கை ஊசியும் நூல்கண்டும் இருந்தால் போதும். அடுப்படிக்கு ஒரு பிடிதுணி, ஒரு கைக்குட்டை, ஒரு சுருக்குப்பை, கடைக்கு எடுத்துப்போக ஒரு துணிப்பை (இதற்கு மட்டும் தடித்த துணி வேண்டும்), தலையணை உறை, கடைசியாக ஊசி குத்தி வைக்க ஒரு சின்னத் திண்டு என ஆறையும் தைத்துவிடலாம்.

மெஷின் வேகமானது. தவறும் அதே வேகத்தில் நடக்கும். துணி நழுவியது கண்ணில் படுவதற்குள் ஒரு முழம் ஓடியிருக்கும். கையில் தைக்கும்போது ஒவ்வொரு தையலுக்கும் துணி என்ன செய்கிறது என்று பார்க்க நேரம் கிடைக்கிறது. எது இழுபடும், எங்கே சுருங்கும், எத்தனை மடிப்பு வரை ஊசி ஏறும் என்பதெல்லாம் விரலுக்குப் பழகிவிடும். பிறகு மெஷின் முன்னால் உட்கார்ந்தாலும் அந்தப் பழக்கம் கூடவே வரும்.

வேலைகளின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதல் நான்கிலும் ஒவ்வொரு புதுத் திறமை சேர்கிறது. நேரே பைக்குத் தாவினால் கைப்பிடி பிய்ந்துவிடும். எனக்கு அப்படித்தான் நடந்தது. அதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

கையில் இருக்க வேண்டியவை

கை ஊசியில் நம்பர் கூடக் கூட ஊசி மெல்லியதாகும். சேலை, வேட்டி போன்ற மெல்லிய பருத்திக்கு 7 முதல் 9 வரை சரியாக இருக்கும். காடாத்துணி, பழைய ஜீன்ஸ் மாதிரியான தடித்த துணிக்கு 5. மெஷின் ஊசியில் இது தலைகீழ்; அங்கே நம்பர் கூடினால் ஊசி தடிக்கும். அதனால் கடையில் "கை ஊசி" என்று சொல்லிக் கேளுங்கள். பல அளவுகள் கலந்த பாக்கெட்டாகவே கிடைக்கும்.

நூல் சாதாரணத் தையல் நூல்தான். துணியின் நிறத்துக்கு அப்படியே பொருந்தும் நூல் கிடைக்காவிட்டால் கொஞ்சம் அடர்ந்த நிறமாக எடுங்கள். வெளிர் நூல் துணியில் பளிச்சென்று தெரியும்; அடர்ந்தது அடங்கிவிடும்.

கத்தரிக்கோல் ஒன்றைத் துணிக்கென்றே ஒதுக்குங்கள். அதில் பால் கவர், காகிதம், அட்டை எதையும் யாரும் வெட்டக்கூடாது. காகிதம் வெட்டிய கத்தரி துணியை வெட்டாமல் மென்று துப்பும். வீட்டில் எல்லோருக்கும் இதைச் சொல்லிவைப்பது நல்லது. நான் கைப்பிடியில் ஒரு சிவப்பு நாடாவே கட்டி வைத்திருக்கிறேன்.

இஞ்ச் டேப் வேண்டும். அது கைக்கு எட்டாதபோது உதவ, உங்கள் கையின் சாண் அளவை ஒருமுறை அளந்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எட்டு, ஒன்பது இஞ்ச் இருக்கும். கோடு போடத் தையல் சாக் தேவையில்லை. குளித்துத் தேய்ந்து தகடாகிப்போன சோப்புத் துண்டு அதைவிட நன்றாகக் கோடு போடும், துவைத்தால் தடமே இருக்காது. வெள்ளைத் துணியில் மட்டும் பென்சிலால் மெல்லக் கோடிடுங்கள். இவற்றோடு பத்துக் குண்டூசி, ஒரு ஊக்கு, இஸ்திரிப் பெட்டி.

அப்புறம் ஒரு காலி டப்பா. தைக்கும்போது வெட்டி எறியும் நூல் துணுக்குகளையும் துணித் துணுக்குகளையும் முதல் நாளிலிருந்தே அதில் போட்டு வாருங்கள். ஆறாவது வேலைக்கு அதுதான் மூலப்பொருள்.

துணியைத் தயார் செய்வது

புதிதாகத் தைப்பவர்கள் அவசரப்படும் இடம் இது. தைத்து முடித்த பொருள் கோணலாக இருந்தால் பெரும்பாலும் தையல் மீது குற்றம் இருக்காது. துணி கோணலாக வெட்டப்பட்டிருக்கும்.

முதலில் சேலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். நைந்த இடத்தில் வெளிச்சம் அதிகமாக ஊடுருவும். தரையில் உரசும் கீழ்க்கரைப் பக்கமும், கொசுவம் வரும் இடமும்தான் முதலில் நையும். முந்தானையும், இடுப்பில் உள்ளே செருகும் முனையும் பெரும்பாலும் திடமாக இருக்கும். சந்தேகம் வந்தால் இரண்டு கட்டைவிரல்களையும் அருகருகே வைத்துத் துணியைப் பக்கவாட்டில் இழுங்கள். சர்ரென்று விட்டுக்கொடுத்தால் அந்த இடம் உள்ளே வைக்கும் அடுக்குக்கு மட்டுமே ஆகும்.

கடையில் புதிதாகக் காடாவோ பாப்ளினோ வாங்கினால் கட்டாயம் ஒருமுறை நனைத்துக் காயப்போட்டு எடுங்கள். கஞ்சி போகும், சுருங்க வேண்டியது முன்பே சுருங்கிவிடும். பருத்தி மீட்டருக்கு 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை சுருங்குவது சாதாரணம். நனைக்காமல் தைத்த தலையணை உறை முதல் துவைப்புக்குப் பின் தலையணையில் ஏறாது. பழைய சேலைக்கு இந்தக் கவலையே இல்லை. அது எத்தனையோ முறை ஆற்றுத் தண்ணீரையும் போர்வெல் தண்ணீரையும் பார்த்தாயிற்று. புது சுங்குடி, கைத்தறி போன்றவை சாயம் விடலாம். ஓரத்தை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும்.

நேர்கோட்டில் துண்டாக்க இரண்டு வழிகள் உண்டு. வேட்டி, பாப்ளின் போன்ற நெருக்கமான நெசவுக்கு, ஓரத்தில் ஒரு இஞ்ச் வெட்டிவிட்டு இரு கையாலும் கிழியுங்கள். துணி தன் இழையோடேயே நேராகக் கிழியும். ஜவுளிக்கடையில் மீட்டர் துணியை இப்படிக் கிழித்துத் தருவதைப் பார்த்திருப்பீர்கள். ஓரம் சற்று நெளியும், இஸ்திரி போட்டால் அடங்கும். மெல்லிய பழைய சேலையைக் கிழிக்க வேண்டாம், தாங்காது. ஓரத்தில் சின்னதாக வெட்டி, குறுக்கே ஓடும் ஒரே ஒரு ஊடை இழையைப் பிடித்து மெல்ல உருவுங்கள். இழை போன இடத்தில் ஒரு மெல்லிய கோடு தெரியும். அதன் மேலேயே வெட்டலாம். பொறுமை வேண்டும், ஆனால் இதைவிட நேரான கோட்டை எந்த அளவுகோலும் தராது. பனியன் துணி மட்டும் விதிவிலக்கு. அதைக் கிழிக்கவும் முடியாது, இழையும் உருவ முடியாது. இழுபடும் துணி என்பதால் முதல் சில மாதங்களுக்கு அதைத் தொடவே வேண்டாம்.

நூல் கோர்ப்பது

நூலின் நீளம் ஒரு முழம் இருந்தால் போதும். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை. அடிக்கடி கோர்க்கச் சோம்பல்பட்டு இரண்டு முழம் எடுத்தால் நூல் முறுக்கிச் சிக்கும், சிக்கெடுக்கும் நேரத்தில் நான்கு முறை கோர்த்துவிடலாம். நூலைச் சாய்வாக வெட்டினால் ஊசிக் காதில் சுலபமாக ஏறும். கண்டிலிருந்து முதலில் வந்த முனையை ஊசியில் கோர்த்து, பிறகு வெட்டிய முனையில் முடிச்சுப் போடுங்கள். நூல் தன் முறுக்கின் போக்கிலேயே துணிக்குள் போகும், முடிச்சு விழுவது குறையும். அப்படியும் முறுக்கினால் துணியைத் தூக்கிப் பிடித்து ஊசியைத் தொங்கவிடுங்கள். அதுவே சுற்றிச் சுற்றி முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும். மெழுகுவத்தித் துண்டின் மேல் நூலை ஒருமுறை இழுத்துவிட்டால் இன்னும் நல்லது.

தைத்து முடிக்கும் இடத்தில் உள்பக்கம் ஒரே இடத்தில் இரண்டு சின்னத் தையல் போடுங்கள். இரண்டாவது தையலை முழுதாக இழுக்காமல் வளையமாக விட்டு, அதற்குள் ஊசியை நுழைத்து இறுக்குங்கள். நம்பகமான முடிச்சு இது.

விளக்கு வைத்த பிறகு ஊசியை அடுத்தவருக்குக் கொடுக்க மாட்டார்கள் எங்கள் பாட்டி காலத்தில். நம்பிக்கை எதுவாக இருந்தாலும், மங்கல் வெளிச்சத்தில் கீழே விழுந்த ஊசியைக் காலால்தான் கண்டுபிடிக்க நேரும். வீட்டில் தவழும் குழந்தை இருந்தால் எத்தனை ஊசியோடு உட்கார்ந்தோம், எத்தனையோடு எழுந்தோம் என்று எண்ணுங்கள்.

1. பிடிதுணி: ஓட்டுத் தையல்

கரித்துணி என்றும் சொல்வார்கள். அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்குவதற்கு. முதல் வேலைக்கு இதைவிடப் பொருத்தமானது இல்லை, ஏனென்றால் தையல் கோணலானாலும் பயன் குறையாது.

மேலும் கீழும் வைக்க 9 இஞ்ச் சதுரமாகச் சேலைத் துணி இரண்டு, நடுவில் வைக்க 8 இஞ்ச் சதுரமாகப் பழைய டர்க்கி துண்டு இரண்டு. எல்லாமே பருத்தியாக இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தால் சூட்டில் உருகிக் கையில் ஒட்டும். சேலைத் துண்டுகளின் நான்கு ஓரத்தையும் அரை இஞ்ச் உள்ளே மடித்து இஸ்திரி போடுங்கள். மடிப்பு உள்ளே இருக்கும்படி ஒரு துண்டைக் கீழே வைத்து, டர்க்கி அடுக்குகளை மேலே வைத்து, மற்றதால் மூடுங்கள். ஒரு மூலையில் 4 இஞ்ச் நாடாவை இரண்டாக மடித்துச் செருகினால் ஆணியில் மாட்ட வளையம் கிடைக்கும்.

அடுக்குகள் நழுவாமல் இருக்கப் பெரிய பெரிய தையலாகக் குறுக்கும் நெடுக்கும் தற்காலிகமாகத் தைத்துவிடுங்கள். கடைசியில் உருவி எடுக்கப்போவதுதான். இனி ஓட்டுத் தையல்: ஊசி மேலே வந்து, கொஞ்சம் தள்ளிக் கீழே போய், அதே தூரம் தள்ளி மறுபடி மேலே வரும். ஒரு இஞ்சுக்குள் ஐந்தாறு தையல் விழுந்தால் நன்று. நடுக்கோட்டிலிருந்து தொடங்கி, விரல் அகலம் இடைவெளி விட்டு வெளிப்பக்கமாக வரிவரியாகத் தையுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் துணி நடுவில் குமிழாக எழும்பிவிடும், அதைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை. நூலை ஒவ்வொரு முறையும் சுண்டி இழுக்காதீர்கள். துணி தட்டையாகப் படுத்திருக்கும் அளவுக்கு இழுத்தால் போதும். கடைசியாக நான்கு ஓரத்திலும் ஒரு வரி.

வங்காளத்தில் காந்தா என்று சொல்வது இதே வேலைதான். பழைய சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்தே உருவிய வண்ண நூலால் ஓட்டுத் தையல் போட்டுப் போர்வையாக்குவார்கள். பூவும் மீனும் யானையுமாக அதில் ஒரு கதையே ஓடும். அத்தனைக்கும் அடிப்படை நீங்கள் இப்போது போட்ட இந்த ஒரு தையல். நீங்களும் எம்ப்ராய்டரி நூலில் தைத்துப் பாருங்கள். அது ஆறு இழையாக வரும், இரண்டைப் பிரித்து எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு எச்சரிக்கை: ஈரமான பிடிதுணியால் சூடான பாத்திரத்தைத் தொடாதீர்கள். தண்ணீர் வெப்பத்தை நொடியில் கடத்திவிடும்.

2. கைக்குட்டை: ஹெம்மிங்

சேலைக்கு ஃபால்ஸ் தைத்தவர்கள் இதைப் பாதி கற்றாயிற்று. பழைய வேட்டியில் 13 இஞ்ச் சதுரம் ஒன்றைக் கிழித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஓரத்தையும் கால் இஞ்ச் மடித்து இஸ்திரி, அதையே மறுபடி கால் இஞ்ச் மடித்து இஸ்திரி. முடியும்போது 12 இஞ்ச் இருக்கும்.

மூலைதான் பிரச்சினை. எல்லா மடிப்பும் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து கட்டை தட்டும். அதைத் தவிர்க்க, இஸ்திரி போட்ட மடிப்புகளைப் பிரித்துவிடுங்கள். மூலையில் மடிப்புக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகத் தெரியும். உள்கோடுகள் இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் கைக்குட்டையின் உண்மையான மூலை. மூலையின் நுனியை மட்டும் கொஞ்சமாகச் சாய்வாகக் கத்தரியுங்கள். அந்தப் புள்ளிக்குக் கால் இஞ்சாவது வெளியே நிற்க வேண்டும். மிச்சத்தை அந்தப் புள்ளியின் மேலேயே முக்கோணமாக உள்ளே மடித்து, பிறகு இரண்டு ஓரங்களையும் பழைய மடிப்பின்படி மடித்தால் மூலை புகைப்படச் சட்டம் போலச் சாய்வாகச் சேரும். முதல் மூலை சரியாக வராது. நான்காவது வரும்.

தைப்பதற்கு ஒற்றை நூல். மடிப்புக்குள் முடிச்சை மறைத்து ஊசியை வெளியே எடுங்கள். மடிப்பை ஒட்டிக் கீழே உள்ள துணியில் ஒன்றிரண்டு இழையை மட்டும் ஊசி நுனியால் எடுத்து, உடனே மடிப்பின் ஓரத்தில் சாய்வாகக் குத்தி வெளியே வாருங்கள். கால் இஞ்சுக்கு ஒரு தையல். நல்ல பக்கத்தில் புள்ளி புள்ளியாக மட்டும் தெரிந்தால் தேர்ச்சி பெற்றுவிட்டீர்கள். ஊசி நிறைய இழைகளை வாரிக்கொண்டால் நல்ல பக்கத்தில் கோடு கோடாகத் தெரியும். அப்போது ஊசியைத் துணிக்குக் குத்தாகப் பிடிக்காமல் இன்னும் படுக்கையாகப் பிடித்துப் பாருங்கள்.

3. சுருக்குப்பை: பின் தையல்

இந்தப் பைக்கு என் மனதில் தனி இடம் உண்டு. வெற்றிலை பாக்கு ஒரு பக்கம், சில்லறை ஒரு பக்கம் என்று பாட்டிகள் இடுப்பில் செருகியிருந்த பை. இரண்டு கயிற்றையும் இழுத்தால் வாய் மூடிக்கொள்ளும். பூட்டு, ஜிப், பட்டன் எதுவும் வேண்டாத ஏற்பாடு. இன்றைக்கு இயர்போன் வைக்கவும், சார்ஜர் வைக்கவும், பயணத்தில் மாத்திரை வைக்கவும் அதே பை பொருந்துகிறது.

வேண்டியது 7 இஞ்ச் அகலம், 18 இஞ்ச் நீளத்தில் ஒரு துண்டு, 20 இஞ்ச் நீளத்தில் பாவாடை நாடா இரண்டு. சேலையின் முந்தானையில் வெட்டினால் வேலைப்பாடும் வந்துவிடும்.

முதலில் பின் தையலைப் பழகிக்கொள்ளுங்கள். ஊசி மேலே வந்ததும் முன்னால் போகாமல் ஒரு தையல் தூரம் பின்னால் குத்தி, அடியில் இரண்டு தையல் தூரம் முன்னால் வந்து மேலே எழ வேண்டும். அடுத்த முறை முந்தைய தையல் முடிந்த அதே ஓட்டையில் பின்னால் குத்த வேண்டும். மேல்பக்கம் பார்த்தால் மெஷின் தையல் போல இடைவெளியில்லாமல் இருக்கும். ஓட்டுத் தையலில் ஓரிடத்தில் நூல் அறுந்தால் இழுக்க இழுக்க உருவிக்கொண்டு வரும். இதில் ஒவ்வொரு தையலும் முந்தையதைப் பிடித்துக்கொண்டிருப்பதால் அப்படி வராது. எடை தாங்கும் இடத்தில் எல்லாம் பின் தையல்தான்.

இனி பை.

1. துண்டை நீளவாக்கில் விரித்து, நீளமான ஓரங்கள் இரண்டிலும், இரு முனையிலிருந்தும் 3 இஞ்ச் தள்ளி ஒரு கோடு போடுங்கள். மொத்தம் நான்கு கோடுகள்.

2. முனையிலிருந்து அந்தக் கோடு வரை உள்ள ஓரத்தை அரை இஞ்ச் உள்பக்கம் மடித்து ஓட்டுத் தையல் போடுங்கள். நான்கு இடத்திலும். நாடா நுழையும் வாய் இதுதான். பிசிறு இருந்தால் ஊக்கு மாட்டிக்கொள்ளும்.

3. நல்ல பக்கம் உள்ளே வரும்படி துண்டை இரண்டாக மடியுங்கள். மடிப்பு பையின் அடி. இரு பக்கமும் ஓரத்திலிருந்து அரை இஞ்ச் விட்டு, அடியிலிருந்து 3 இஞ்ச் கோடு வரை பின் தையல். கோட்டுக்கு வந்ததும் அதே இடத்தில் மூன்று தையல் அழுத்திப் போடுங்கள். பை கிழிந்தால் முதலில் இந்த இடத்தில்தான் கிழியும்.

4. பிசிறு ஓரங்களின் மேல் நூலைச் சுற்றிச் சுற்றித் தைத்துவிடுங்கள். இழை பிரியாது.

5. வாய்ப்பக்கம் அரை இஞ்ச் மடித்து, பிறகு ஒன்றேகால் இஞ்ச் மடியுங்கள். மடிப்பின் ஓரம் நீங்கள் போட்ட 3 இஞ்ச் கோட்டுக்குச் சரியாக வந்து நிற்கும். முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் சேர்த்துத் தைத்துவிடாமல் தனித்தனியாக மடிப்பின் ஓரத்தில் பின் தையல் போடுங்கள்.

6. பையை நல்ல பக்கம் திருப்புங்கள். ஒரு நாடாவின் முனையில் ஊக்கை மாட்டி, வலப்பக்க வாயில் நுழைத்து, முன்பக்கம் முழுதும் ஓட்டி, இடப்பக்கம் வெளியே வந்து, பின்பக்கம் நுழைந்து, மறுபடி வலப்பக்கமே கொண்டுவந்து இரண்டு முனைகளையும் முடியுங்கள். அடுத்த நாடா இடப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் முடியும். இரண்டையும் எதிரெதிரே இழுத்துப் பாருங்கள்.

அந்தச் சுருக்கம் விழும் கணம் தருகிற சந்தோஷத்துக்காகவே நான் இதுவரை எத்தனை சுருக்குப்பை தைத்திருப்பேன் என்று கணக்கில்லை. வீட்டு விசேஷத்தில் வந்தவர்களுக்குக் குங்குமம், மஞ்சள் வைத்துக் கொடுக்க நான்கு இஞ்ச் அளவில் தைத்தால், ஒரு சேலையில் ஒரு தெருவுக்கே தைக்கலாம். நாடா வாயின் அளவுகளை மட்டும் குறைக்காதீர்கள், நாடா நுழையாது.

4. துணிப்பை: கைப்பிடி பிய்யாமல்

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று அரசே ஓர் இயக்கம் தொடங்கியது. கல்யாண வீட்டிலும் ஜவுளிக்கடையிலும் கொடுத்த அந்த மஞ்சப்பையின் வடிவம்தான் நாம் தைக்கப்போவதும், அடியில் மட்டும் கொஞ்சம் அகலம் கூட்டி.

நான் தைத்த முதல் பையில் நான்கு தேங்காய் வைத்துக்கொண்டு சந்தையிலிருந்து நடந்துவந்தேன். பாதி வழியில் ஒரு கைப்பிடி பிய்ந்து தேங்காய்கள் சாலையில் உருண்டன. வீட்டுக்கு வந்து பார்த்தபோது நூல் அறுந்திருக்கவில்லை, துணிதான் கிழிந்திருந்தது. கைப்பிடியை ஒற்றைத் துணியின் மேல் ஒரே ஒரு வரித் தையலில் நிறுத்தியிருந்தேன். மொத்த எடையும் அந்த ஒரு கோட்டில் விழுந்திருக்கிறது. அன்றிலிருந்து கைப்பிடியை மூன்று அடுக்குத் துணியின் மேல், சதுரமாகவும் அதற்குள் பெருக்கல் குறியாகவும் தைக்கிறேன். ஒன்றும் பிய்ந்ததில்லை.

துணி காடாவாகவோ, பழைய திரைச்சீலையாகவோ இருக்கட்டும். சேலை இந்த எடைக்கு ஆகாது. உடலுக்கு 15 இஞ்ச் அகலம், 34 இஞ்ச் நீளம். கைப்பிடிக்கு 4 இஞ்ச் அகலம், 22 இஞ்ச் நீளத்தில் இரண்டு. 5 நம்பர் ஊசி, இரட்டை நூல்.

கைப்பிடித் துண்டின் இரு நீள ஓரங்களையும் நடுவுக்கு மடித்து, பிறகு அதையே இரண்டாக மடித்தால் நான்கு அடுக்கில் ஒரு இஞ்ச் பட்டை கிடைக்கும். இரு ஓரமும் பின் தையல். ஊசி ஏறக் கஷ்டப்பட்டால் விரலுறை மாட்டிக்கொள்ளுங்கள். விரலில் ஓட்டை விழுந்தபின் மாட்டிப் பயனில்லை.

உடல் துணியின் இரண்டு முனைகளையும் அரை இஞ்ச், பிறகு ஒரு இஞ்ச் என உள்பக்கம் மடித்து இஸ்திரி. தைக்கும் முன் கைப்பிடியின் முனைகளை, பக்க ஓரத்திலிருந்து மூன்றரை இஞ்ச் தள்ளி, அந்த மடிப்புக்குக் கீழே செருகுங்கள். பட்டை முறுக்கியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். முதலில் மடிப்பின் கீழ் ஓரத்தை முழுதும் பின் தையல். அப்புறம் தொங்கிக்கொண்டிருக்கும் கைப்பிடியை மேல்நோக்கி மடக்கி, மடிப்பின் மேலேயே படியவைத்து ஒரு இஞ்ச் சதுரம் தையுங்கள், சதுரத்துக்குள் மூலைக்கு மூலை இரண்டு கோடு. நான்கு முனையிலும் இதே வேலை. இது முடிய ஒரு சாயங்காலம் ஆகும். ஆகட்டும், இந்தப் பையின் உயிர் இங்கேதான்.

மீதி சுலபம். நல்ல பக்கம் உள்ளே வர மடித்து, இரு பக்கமும் அரை இஞ்ச் விட்டுப் பின் தையல், பிசிறுக்குச் சுற்றுத் தையல். அடிக்கு அகலம் கொடுக்க, கீழ்மூலையைப் பிடித்து, பக்கத் தையல் நடுவில் வரும்படி முக்கோணமாகத் தட்டையாக்குங்கள். நுனியிலிருந்து தையல் மீதே 2 இஞ்ச் அளந்து, அங்கே குறுக்காகக் கோடு போட்டால் 4 இஞ்ச் நீளம் இருக்கும். அந்தக் கோட்டில் பின் தையல். மறு மூலையும் அப்படியே. முக்கோணத்தை வெட்டாமல் அடிப்பக்கம் மடக்கி நாலு தையல் போட்டுவிட்டால் அடி இன்னும் உறுதியாகும். திருப்பினால் அடியில் 10 இஞ்சுக்கு 4 இஞ்ச், உயரம் பதின்மூன்றரை இஞ்ச். அரிசி, தேங்காய், ஒரு பூசணிக்காய் எல்லாம் நின்றுகொள்ளும்.

5. தலையணை உறை

இதுவரை வந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. 17-க்கு 27 இஞ்ச் தலையணைக்கு 18 இஞ்ச் அகலம், 62 இஞ்ச் நீளத்தில் ஒரு துண்டு. குறுகிய ஓரங்கள் இரண்டையும் அரை இஞ்ச் வீதம் இருமுறை மடித்து ஹெம்மிங் செய்தால் 60 இஞ்ச் மிஞ்சும். நல்ல பக்கம் மேலே வர விரித்து, இரு முனைகளையும் நடுப்பக்கம் மடித்து, ஒன்றின் மேல் ஒன்று 6 இஞ்ச் ஏறும்படி வையுங்கள். மொத்தம் 27 இஞ்ச் வந்ததா என்று அளந்துவிட்டு, திறந்திருக்கும் இரு பக்கமும் அரை இஞ்ச் விட்டுப் பின் தையல். திருப்பிவிட்டால் உறை தயார். பட்டனும் ஜிப்பும் வேண்டாம், ஏறி நிற்கும் அந்த 6 இஞ்ச் தலையணையைப் பிடித்துக்கொள்ளும். ஐந்தரை மீட்டர் சேலையில் நைந்த இடங்களை விட்டாலும் நான்கு உறை வரும். வருடக்கணக்காகத் துவைத்து மெத்தென்று ஆன பருத்தியில் தலைவைப்பது போல வராது கடை உறை.

6. ஊசித் திண்டு

அந்த டப்பாவை இப்போது எடுங்கள். நூல் துணுக்கும் ஓரத் துணுக்கும் சேர்ந்திருக்கும். உள்ளே ஊசியோ குண்டூசியோ விழுந்திருக்கிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். பெரிய துணித் துண்டுகளை இன்னும் பொடியாக நறுக்குங்கள்.

4 இஞ்ச் சதுரமாக இரண்டு துண்டுகள். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்து, கால் இஞ்ச் விட்டுச் சுற்றிலும் பின் தையல். ஒரு பக்கத்தில் மட்டும் இரண்டு விரல் அகலம் திறந்து விடுங்கள். நான்கு மூலையிலும் தையலைத் தொடாமல் நுனியை வெட்டிவிட்டுத் திருப்பி, பென்சில் முனையால் மூலைகளைத் தள்ளிவிடுங்கள். துணுக்குகளை இனி இடமில்லை என்னும் அளவுக்குத் திணியுங்கள். தளர்வாக இருந்தால் சின்ன ஊசி உள்ளே போய்த் தொலைந்துவிடும்.

திறந்த இடத்தின் ஓரங்களை உள்ளே மடித்து, ஊசியை ஒரு மடிப்புக்குள் சிறிது தூரம் ஓட்டி வெளியே எடுங்கள். நேர் எதிரே மற்ற மடிப்பில் நுழைத்து அதேபோல் ஓட்டுங்கள். இப்படி மாறி மாறிப் போனால் நூல் ஏணிப்படி போலத் தெரியும். நான்கைந்து படி ஆனதும் நூலை மெல்ல இழுத்தால் இரண்டு மடிப்பும் சேர்ந்து நூல் மறைந்துவிடும். முடிச்சுப் போட்டபின் ஊசியைத் திண்டுக்குள் குத்தி ஒரு இஞ்ச் தள்ளி வெளியே எடுத்து, நூலை லேசாக இழுத்துப் பிடித்து ஒட்ட வெட்டுங்கள். நூல்முனை உள்ளே போய்விடும். கையில் இருக்கும் ஊசியை அதன் மேலேயே குத்தி வையுங்கள்.